மாப்பிள்ளை மோதிரம்: 22 கேரட்டா, 18-ஆ, பிளாட்டினமா, டங்ஸ்டனா?

மாப்பிள்ளை மோதிரம் என்றாலே நம் வீடுகளில் பேச்சு எடையில்தான் தொடங்கும். அரை சவரனா, முக்கால் சவரனா, ஒரு சவரனா? அது முடிவானதும் கடைக்குப் போய், ட்ரேயில் இருப்பதில் ஒன்றை எடுத்து, பையன் விரலில் மாட்டிப் பார்த்து, பில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். எந்த உலோகம் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லாமல் இருந்தது. இப்போது நிலைமை வேறு. பையன் பிளாட்டினம் கேட்கிறான், பெண்ணுக்கு ரோஸ் கோல்டு பிடித்திருக்கிறது, வெளிநாட்டில் வேலை பார்க்கிற அண்ணன் ஆன்லைனில் கறுப்பு டங்ஸ்டன் மோதிரத்தைப் பார்த்து லிங்க் அனுப்புகிறான், அம்மா மட்டும் "தங்கத்தைத் தவிர வேறெதுவும் நிச்சயத்துக்கு வரக்கூடாது" என்று உறுதியாக இருக்கிறார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணத்தன்று எப்படி இருக்கும் என்பதை வைத்து உலோகத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பத்து வருடம் கழித்து அந்த விரல் எப்படி இருக்கும், அப்போது அந்த மோதிரத்தை என்ன செய்ய முடியும் என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். ஆண்களுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு உடம்பு போடுகிறது, சிலருக்கு நாற்பதுக்கு மேல் இளைக்கிறது, மூட்டு தடிக்கிறது. 27 வயதில் சரியாக இருந்த மோதிரம் 35-இல் சோப்பு போட்டாலும் கழலாது. ஒருவழியாகக் கழற்றிப் பீரோவில் வைத்த மோதிரங்கள் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. மோதிரம் என்பது போட்டுக்கொள்ளத்தானே? அளவு மாற்ற முடியுமா, நம் ஊரிலேயே மாற்றித் தர ஆள் இருக்கிறாரா என்பதுதான் நான் பார்க்கும் முதல் விஷயம்.

அதற்கு முன்னால் எடையைப் பற்றி ஒரு கணக்கு. ஒரே அளவு, ஒரே அகலம், ஒரே தடிமன் உள்ள பிளெயின் மோதிரத்தை வெவ்வேறு உலோகங்களில் செய்வதாக வைத்துக்கொள்வோம். 22 கேரட்டில் அது 6 கிராம் வருகிறது என்றால், 18 கேரட்டில் சுமார் ஐந்தேகால் கிராம்தான் வரும். 95 சதவீதப் பிளாட்டினத்தில் கிட்டத்தட்ட 7 கிராம், டங்ஸ்டன் கார்பைடில் சுமார் 5, வெள்ளியில் மூன்றரை, ஸ்டீலில் இரண்டே முக்கால், டைட்டானியத்தில் வெறும் ஒன்றரை கிராம். வடிவம் ஒன்றுதான், உலோகத்தின் அடர்த்திதான் இத்தனை வித்தியாசத்தையும் செய்கிறது. பிளாட்டினத்தின் கிராம் விலை தங்கத்தைவிடக் குறைவு என்று கடையில் சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள், அதே மோதிரத்துக்குக் கிராம் கூடுதலாகத் தேவைப்படும். டைட்டானியம் போட்டவர்கள் முதல் வாரம் மோதிரம் விரலில் இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பதற்கும் இந்த எடைதான் காரணம்.

சரி, 22 கேரட்டிலிருந்து தொடங்கலாம். நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம், மீதி செம்பும் வெள்ளியும். 916 என்று முத்திரை இருப்பது அதனால்தான். இதற்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. தமிழ்நாட்டில் எந்தச் சிற்றூரில் இறங்கினாலும் இதை வாங்க, விற்க, மாற்ற, அடகு வைக்க ஆள் உண்டு. எந்தப் பத்தரும் அளவு மாற்றித் தருவார். என் மாமா பட்டறை வைத்திருந்தவர், அங்கே உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறேன். மோதிரத்தின் அடிப்பக்கத்தில், உள்ளங்கைப் பக்கம் வரும் இடத்தில், மெல்லிய ரம்பத்தால் ஒரு வெட்டு. கூம்பு மாதிரி இருக்கும் இரும்புக் கம்பியில் ஏற்றி மெதுவாகத் தட்டினால் வெட்டு வாய் திறக்கும். அந்த இடைவெளிக்கு ஒரு சின்னத் தங்கத் துண்டை வளைத்து வைத்து, பற்றவைத்து, அரத்தால் ராவி, மெருகு போட்டால் தீர்ந்தது. மெருகு போட்ட பிறகு ஒட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டால் மாமாவே மோதிரத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பித்தான் காட்டுவார். பெரிய மெஷின் எதுவும் வேண்டாம், தங்கத்தின் உருகுநிலை 1,064 டிகிரிதான் என்பதால் பட்டறையில் இருக்கிற தீயே போதும்.

22 கேரட்டின் குறை, அது மென்மை. பைக் ஓட்டுகிற கையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். கிளட்சைப் பிடித்துப் பிடித்து மோதிரத்தின் அடிப்பக்கம் தேய்ந்து தட்டையாகும், வட்டம் கொஞ்சம் கொஞ்சமாக நீள்வட்டமாகும். இதற்கு மருந்து தடிமன்தான். ஆனால் நம் கடைகளில் இதற்கு நேர்மாறாகத்தான் நடக்கிறது. குறைந்த எடையில் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று முகப்பை அகலமாக்கி, உள்பக்கத்தைக் குடைந்து, அடிக்கம்பியைத் தகடு போல மெலிதாக்கிவிடுகிறார்கள். நாலு கிராமில் ராஜா மோதிரம் மாதிரி தெரியும், ஒரு வருடத்தில் வளையும். நாலு கிராம்தான் பட்ஜெட் என்றால் முகப்பு இல்லாத, அகலம் குறைந்த, கெட்டியான பிளெயின் வளையமாக எடுங்கள். ஆல்பத்தில் சின்னதாகத் தெரிந்தால் தெரியட்டும், கையில் நிற்கும்.

கல் வைத்ததும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஆண் கையில் கல் சீக்கிரம் ஆட்டம் காணும், அளவு மாற்றும்போது பத்தருக்கும் சிரமம், விற்கப் போனால் கல் எடையைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போடுவார்கள்.

அடுத்தது 18 கேரட். நம் ஊரில் இதற்கு நியாயமான மதிப்பு கிடைக்கவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். "பதினெட்டா? அதுல பாதி செம்புதானே" என்று சொல்பவர்கள் உண்டு. நூற்றுக்கு 75 பங்கு தங்கம், மீதி கால் பங்குதான் மற்ற உலோகம். அந்தக் கால் பங்கால்தான் அது 22-ஐவிட நன்றாகவே கெட்டியாக இருக்கிறது. கையால் வேலை செய்கிறவர்களுக்கு, அதாவது மெக்கானிக், சமையல் வேலை, விவசாயம், லோடு ஏற்றி இறக்குகிற தொழில் என்று இருப்பவர்களுக்கு, தங்கத்தில்தான் போட வேண்டும் என்றால் 18 கேரட்டைத்தான் சொல்வேன். மேலே சொன்ன கணக்கையே எடுத்துக்கொண்டால், 22 கேரட் மோதிரத்தில் ஐந்தரை கிராம் சுத்தத் தங்கம் இருக்கும், அதே மோதிரம் 18-இல் என்றால் நாலு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்றரை கிராம் தங்கத்தின் விலை மிச்சம். அந்தக் காசில் இன்னும் தடிமனாகச் செய்துகொள்ளலாம். செம்பு கூடுதலாகச் சேர்த்தால் ரோஸ் கோல்டு, அதுவும் நல்ல கெட்டி.

எதிராகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சின்ன ஊர்க் கடைகளில் 18 கேரட்டை மாற்றப் போனால் முகத்தைச் சுளிப்பார்கள். அதன் தங்க மதிப்பைத் தர மறுக்க நியாயமான காரணம் எதுவும் கிடையாது, முத்திரையில் 750 என்று இருக்கிறது, ஆனாலும் பேரம் பேச வேண்டி வரும். அதனால் 18-ஐ வாங்குகிற கடையிலேயே பிறகு மாற்றும்போது எப்படிக் கணக்குப் போடுவார்கள் என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

ஒயிட் கோல்டு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். தங்கத்தோடு பல்லேடியமோ நிக்கலோ கலந்து நிறத்தை வெளுக்க வைத்து, மேலே ரோடியம் முலாம் பூசியதுதான் அது. கடை வெளிச்சத்தில் கண்ணாடி போல மின்னும் வெள்ளை அந்த முலாமுடையது. ஆண்கள் கழற்றாமல் போடுவதால், முலாம் முதலில் அடிப்பக்கத்தில் போகும், உள்ளே இருக்கும் லேசான மஞ்சள் கலந்த சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கும். ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி முலாம் போட வேண்டும், அதற்குப் பெரிய ஊர்தான் போக வேண்டும். நிக்கல் கலந்ததாக இருந்தால் சிலருக்கு விரலில் அரிப்பும் சிவப்புத் தடிப்பும் வரும். வெள்ளை நிறம்தான் வேண்டும் என்று ஆசைப்பட்டால் நேராகப் பிளாட்டினத்துக்கே போய்விடுங்கள்.

முஸ்லிம் மாப்பிள்ளைகளுக்கு இன்னும் முக்கியமான காரணம் உண்டு. மார்க்கத்தில் ஆண்களுக்குத் தங்கம் கூடாது. பெயரில் ஒயிட் இருந்தாலும் 18 கேரட் ஒயிட் கோல்டு முக்கால் பங்கு தங்கம்தான். "இது வெள்ளைதானே பாய், பரவாயில்லை" என்று விற்பவர் சொன்னால் கேட்காதீர்கள், 750 முத்திரையைப் பார்த்தால் தெரிந்துவிடும். வெள்ளி மோதிரத்தில் எந்தச் சிக்கலும் இல்லை. பிளாட்டினத்தையும் பல ஆலிம்கள் அனுமதிக்கிறார்கள், உங்கள் ஊர் ஹஜ்ரத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் மனதுக்கு நிம்மதி.

பிளாட்டினத்துக்கு வருவோம். 2015-க்கு முன்பு வரை பெரும்பாலான காலம் இது தங்கத்தைவிட விலை உயர்ந்த உலோகம், அந்த ஆண்டில் தங்கம் முந்தியது, பிறகு வித்தியாசம் பெருகிவிட்டது. அதனால் "தங்கத்தைவிட ஒசத்தி" என்று இன்னும் பேசுவது பழைய கணக்கு. ஆனால் உலோகமாகப் பார்த்தால் உண்மையிலேயே உயர்ந்தது. நிறம் அதனுடைய சொந்த நிறம், முலாம் தேவையில்லை, கறுக்காது, தோலுக்கு அனேகமாக எந்தத் தொந்தரவும் தராது. அந்த எடை விரலில் உட்காரும்போது ஒரு நிறைவு இருக்கிறது, அதை நான் மறுக்க மாட்டேன்.

பிளாட்டினத்தில் கீறலே விழாது என்று நம்பி வாங்குகிறார்கள் பாருங்கள், அதுதான் தவறு. கீறல் விழும், சீக்கிரமாகவே விழும். ஆனால் தங்கத்தில் கீறல் விழும்போது துளி உலோகம் உதிர்ந்து போகும், பிளாட்டினத்தில் உலோகம் உதிராமல் ஒதுங்கி நிற்கும். அதனால் வருடக்கணக்கில் போட்டாலும் எடை அவ்வளவாகக் குறையாது, பளபளப்பு மட்டும் போய் மங்கலான சாம்பல் நிறம் வந்துவிடும். சிலருக்கு அந்த மங்கல் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். பளபளப்புதான் வேண்டும் என்பவர் அடிக்கடி பாலிஷ் போட வேண்டியிருக்கும்.

பெரிய பிரச்சினை நான் முதலில் சொன்ன அளவு மாற்றம். பிளாட்டினத்தின் உருகுநிலை 1,768 டிகிரி. தெருமுனைப் பட்டறையின் தீ அதற்குப் பற்றாது. ஆக்சிஜன் டார்ச்சோ லேசர் வெல்டிங்கோ இருக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும், பெரும்பாலும் வாங்கிய கடையில் கொடுத்தால் அவர்கள் வெளியூருக்கு அனுப்பி வாங்கித் தருவார்கள். திரும்ப விற்பதும் அப்படித்தான், வாங்கிய கடையைத் தவிர மற்றவர்கள் தயங்குவார்கள். சென்னை, கோவை, மதுரை, திருச்சி பக்கம் இருப்பவர்களுக்கு இது பெரிய சிரமமில்லை. கிராமத்தில் இருந்துகொண்டு பிளாட்டினம் வாங்கினால் ஒவ்வொரு தடவையும் பஸ் ஏற வேண்டும். செய்கூலியும் தங்கத்தைவிடக் கூடுதலாகவே கேட்பார்கள், கேட்பதில் நியாயமும் இருக்கிறது, அதில் வேலை செய்வது கடினம்.

வெள்ளியைக் குறைவாக நினைக்க வேண்டாம். காசு நெருக்கடியில் கல்யாணம் செய்கிறவர்கள் கடன் வாங்கித் தங்க மோதிரம் போடுவதற்குப் பதிலாக, 925 வெள்ளியில் கெட்டியாக ஒரு வளையம் செய்து, உள்ளே இரண்டு பேர் பெயரையும் தேதியையும் பொறித்துக்கொள்ளலாம். கிறிஸ்தவத் திருமணத்தில் பாதிரியார் மந்திரிக்கும் மோதிரம் தங்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. கறுக்கும் என்பது உண்மை, காற்றிலும் வியர்வையிலும் இருக்கிற கந்தகம் அதைக் கறுக்க வைக்கிறது, வெங்காயமும் முட்டையும் அதிகம் புழங்குகிற கையில் இன்னும் வேகமாக. தினமும் போட்டுக்கொண்டே இருந்தால் உராய்விலேயே வெளுப்பாக இருக்கும், கழற்றி வைத்தால்தான் கறுப்பு ஏறும். மென்மைதான், தேயும். ஆனால் எந்தப் பத்தரும் சரி செய்வார், தேய்ந்தால் புதிதாகவே செய்துகொள்ளலாம்.

ஐம்பொன்னில் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: சாமி நம்பிக்கைக்காகப் போடுவது வேறு. அதில் பெரும்பங்கு செம்புதான், நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் விரல் பச்சையாகும்.

இப்போது ஆன்லைன்காரர்களின் டங்ஸ்டன், டைட்டானியம். இரண்டையும் ஒரே மாதிரி பேசுகிறார்கள், இரண்டும் நேரெதிர் குணம் உள்ளவை. டங்ஸ்டன் என்று விற்பது உண்மையில் டங்ஸ்டன் கார்பைடு, லேத்தில் இரும்பைச் சீவுகிற டூல் முனையில் இருப்பதும் இதே வகைதான். கீறல் அனேகமாக விழவே விழாது. வளையவும் வளையாது, அதிகமாக அழுத்தினாலோ கல்தரையில் விழுந்தாலோ உடையும். அளவு மாற்றவே முடியாது, ஒரு சுற்று கூடினாலும் புது மோதிரம்தான். டைட்டானியம் அப்படி உடையாது, மிக லேசு, தோலுக்கு நல்லது, எலும்பில் வைக்கிற பிளேட்டும் ஸ்குருவும் அதிலும் செய்கிறார்கள். கீறல் விழும், அளவு மாற்றுவதும் கிட்டத்தட்ட முடியாத காரியம். இரண்டுக்கும் மறுவிற்பனை மதிப்பு பூஜ்யம். கறுப்பு நிறம் பெரும்பாலும் மேல்பூச்சு, ஓரங்களில் முதலில் போகும்.

இவை ஒரு நல்ல வேலைக்கு உதவும், இரண்டாவது மோதிரமாக. கல்யாண மோதிரத்தைப் பத்திரமாக வைத்துவிட்டு, பயணத்துக்கும் ஜிம்முக்கும் விலை குறைந்த டைட்டானியத்தைப் போடலாம். திருமண மோதிரமே அதுதான் என்று முடிவெடுத்தால், அந்த ஒரு மோதிரம் வாழ்நாள் முழுக்க வராது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

லேத், பிரஸ், கன்வேயர் பக்கம் வேலை செய்கிறவர்கள் எந்த உலோகமானாலும் வேலை நேரத்தில் போடவே கூடாது. ஓடுகிற மெஷினில் மோதிரம் மாட்டினால் தோலும் சதையும் விரலோடு உரிந்து வரும், விரலே போகும். எலக்ட்ரீஷியன்களுக்கும் பேட்டரி வேலை செய்கிறவர்களுக்கும் மோதிரம் ஷார்ட் ஆகி விரலைச் சுடும். அவர்களுக்குச் சிலிகான் வளையம் இருக்கிறது, விலையும் குறைவு. லேபில் பாதரசம் புழங்குகிறவர்கள் தங்கத்தைக் கழற்றி வையுங்கள், பட்ட இடம் வெளுத்துப் பலவீனமாகிவிடும்.

விரல் வீங்கிவிட்டால் என்ன செய்வது என்பதையும் வாங்கும்போதே யோசியுங்கள். குளவி கொட்டினாலோ கை உடைந்தாலோ அரை மணி நேரத்தில் மோதிரம் இறுக்கிவிடும். கையை உயர்த்திப் பிடித்து, ஐஸ் வைத்து, எண்ணெய் தடவிப் பார்க்கலாம். நூல் வைத்தியம் ஒன்று உண்டு: நூலின் ஒரு நுனியை மோதிரத்துக்கு அடியில் செருகி உள்ளங்கைப் பக்கம் இழுத்துக்கொண்டு, மறுபக்க நூலை மோதிரத்தை ஒட்டி விரல் நுனி நோக்கி, மூட்டைத் தாண்டும் வரை இடைவெளியில்லாமல் இறுக்கிச் சுற்ற வேண்டும். பிறகு செருகிய நுனியைப் பிடித்து, சுற்றைப் பிரித்தபடி இழுத்தால் மோதிரம் சுருள் மேல் ஏறி வெளியே வரும். விரல் நீலம் பாய்ந்துவிட்டால் நூலோடு நேரத்தை வீணாக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தங்கம், வெள்ளி, பிளாட்டினம் எல்லாவற்றையும் சின்ன மோதிர வெட்டியால் அறுத்துவிடுவார்கள், பிறகு ஒட்டியும் கொள்ளலாம். டைட்டானியத்துக்கு அந்த வெட்டி திணறும், பவர் டூல் வேண்டியிருக்கும். டங்ஸ்டன் அறுபடாது, லாக்கிங் பிளேயரால் (வைஸ் கிரிப்) கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி உடைக்க வேண்டும், இது தெரியாத இடத்தில் தவித்துப் போவார்கள். டங்ஸ்டன் போட்டிருந்தால் வீட்டில் ஒருவருக்காவது இதைச் சொல்லி வையுங்கள்.

ஆக என் தேர்வு இப்படி. ஆபீஸ் வேலை, மஞ்சள் நிறம் பிடிக்கும், வீட்டுப் பெரியவர்கள் மனமும் நிறைய வேண்டும் என்றால் 22 கேரட்டில் கெட்டியான பிளெயின் வளையம். கை உழைப்பு அதிகம், அல்லது பட்ஜெட் கொஞ்சம் இறுக்கம் என்றால் 18. வெள்ளை நிறமும் பெரிய ஊரும் கையில் காசும் இருந்தால் பிளாட்டினம். மார்க்கக் காரணமோ சிக்கனமோ இருந்தால் மனமார வெள்ளி. மூன்று வருடத்துக்குள் விரல் மாறும் வயதில் இருப்பவர் எதை எடுத்தாலும் அளவு மாற்றக் கூடியதாக எடுக்க வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கடையில் பார்க்க வேண்டியவை சில. தங்கத்தில் 2 கிராமுக்கு மேல் என்றால் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, 22K916 அல்லது 18K750 என்ற தரக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடத்தில் வரும் எச்யூஐடி (அந்த நகைக்கே உரிய அடையாளக் குறி) மூன்றும் மோதிரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் எச்யூஐடி இல்லாமல் விற்கக் கூடாது. பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்தக் குறியைப் போட்டால் எந்தக் கடை, என்ன நகை, என்ன தரம் என்று வரும், கடையில் நின்றபடியே போட்டுப் பாருங்கள். "916 கேடிஎம்" (காட்மியம் கலந்து பற்றவைத்த நகைக்கான பழைய பெயர்) என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை முத்திரையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிளாட்டினத்தில் Pt950 என்ற குறியும் கடை தரும் தரச் சான்று அட்டையும் வாங்குங்கள். சேதாரத்தைக் கேளுங்கள்: 6 கிராம் மோதிரத்துக்கு 12 சதவீதம் என்றால் நீங்கள் காசு கொடுப்பது 6.72 கிராமுக்கு, அதன் மேல் 3 சதவீத ஜிஎஸ்டி. பிளெயின் வளையத்துக்குப் பூ வேலை மோதிரத்தின் சேதாரத்தைப் போட்டால் தயங்காமல் பேசுங்கள், குறைப்பார்கள்.

அளவு எடுப்பதைக் காலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். சாயங்காலம், கொஞ்சம் நடந்துவிட்டு, கை சூடாக இருக்கும்போது எடுங்கள், ஏசிக்குள் உட்கார்ந்து எடுத்த அளவு வெளியே வந்ததும் இறுக்கிப் பிடிக்கும். 20 நம்பர் என்றால் உள்சுற்று சுமார் 60 மில்லிமீட்டர், ஒரு நம்பருக்கு ஒரு மில்லிமீட்டர் என்று நினைவு வைத்துக்கொண்டால் வீட்டிலேயே நூலால் தோராயமாகப் பார்த்துவிடலாம். அகலமான வளையம் என்றால் ஒரு நம்பர் கூட்டியே எடுங்கள். மூட்டைத் தாண்டும்போது லேசாகத் தடை இருக்க வேண்டும், உள்ளே போனதும் தாராளமாகச் சுழல வேண்டும்.